எல்லாவற்றுக்கும் சரி சொன்ன வரி

நான் எழுதிய நிரல்களில் முக்கால்வாசி எனக்கு மறந்துவிட்டது. சிலவற்றை யாருக்காக எழுதினேன் என்பதே ஞாபகமில்லை. ஒரே ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கிறது. "ஒன்று என்று திருப்பி அனுப்பு" என்பதுதான் அது. எழுத அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த வரியால் ஒரு மனிதரின் வேலை போயிற்று. வேலை போனதோடு முடிந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் மெஷினின் சத்தம் நாள் முழுக்க மேலே வந்துகொண்டிருக்கும். கல்யாண சீசனில் ஒரு போன் பேச முடியாது. மேலே நாங்கள் பதினாறு பேர் ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கான சாஃப்ட்வேர். திரையில் கிளைகளின் படம் தெரியும். இணைப்பு நன்றாக இருந்தால் பச்சை, அறுந்திருந்தால் சிவப்பு. வேண்டுமானால் இங்கிருந்தே ஒரு கிளையின் இணைப்பை மூடலாம், திறக்கலாம். விசிட்டிங் கார்டில் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் என்று போட்டுக்கொண்டோம். என் அம்மா பக்கத்தாத்து மாமியிடம், "ஏதோ லைட் எரியறதா இல்லையான்னு பாத்துண்டிருக்கா" என்று சொல்லிவிட்டாள். கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

அதை வாங்கியவர்களில் ஒரு பார்சல் கம்பெனி இருந்தது. தலைமை ஆபீஸ் லஸ் பக்கம். அடையாறு, கிண்டி, பாரிமுனை, அப்புறம் வேலூர், சேலம் என்று கிளைகள். எங்கள் வீடு தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அங்கிருந்து லஸ்ஸுக்கு நடந்தே போய்விடலாம். அதனால் அந்தக் கம்பெனியில் எது நின்றாலும், "உனக்குப் பக்கம்தானே மா" என்று எங்கள் பிராஜக்ட் லீடர் என் தலையில் கட்டிவிடுவார். அவர் கே.கே. நகரிலிருந்து பைக்கில் வருகிறவர். மயிலாப்பூரில் பைக் நிறுத்த இடமில்லை என்பது அவருடைய நிரந்தரமான காரணம்.

பார்சல் கம்பெனியில் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவர் ஐம்பதை நெருங்கியவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே, தந்திபோல ஊருக்கு ஊர் செய்தி அடித்து அனுப்பும் டெலக்ஸ் மெஷினில் ஆபரேட்டராக இருந்தவர். டெலக்ஸ் மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, ஆளையும் ஓரமாக வைக்காமல் இவரையே அதில் உட்கார்த்தினார்கள். அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவார். வேண்டாம் சார் என்று எத்தனையோ தடவை சொல்லியும் விடவில்லை. நான் அவருக்கு மகள் வயது. கம்ப்யூட்டரை அவர் பயபக்தியோடு தொடுவார். ஆனால் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்.

டெலக்ஸ் காலத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம். செய்தி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிவைக்காமல் அந்த மெஷினில் வேலை செய்ய முடியாதாம். அந்தக் கை நிற்கவில்லை. கெட்டி அட்டை போட்ட, நீளமான ஒரு பவுண்டு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவார். கரண்ட் போனது, கரண்ட் வந்தது, பாஸ்வேர்ட் போட்டு சாஃப்ட்வேருக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, டீ குடிக்கப் போனது, திரும்பி வந்தது. தினமும் காலையில் ரேடியோ செய்தி ஆரம்பிக்கும்போது கைக்கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்புவாராம். பாஸ்வேர்டை மட்டும் நோட்டில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அந்த ஆபீஸில் மற்ற எல்லோரும் பாஸ்வேர்டை மானிட்டர் மேலேயே ஒட்டிவைத்திருந்த காலம் அது. மனசிலேயே வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். அவருடைய கம்ப்யூட்டரில் எங்கள் சாஃப்ட்வேரைத் திறந்தால், அது முதலில் உள் அறையில் இருக்கும் சர்வரைக் கூப்பிடும். சர்வர் தன்னுடைய சான்றிதழைக் காட்டும். நான்தான் இன்ன சர்வர், எனக்கு இன்னார் உத்தரவாதம், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். மூன்றும் சரியாக இருந்தால்தான் நம் பக்கத்திலிருந்து பாஸ்வேர்ட் போக வேண்டும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், நாங்கள் எழுதிய ஒரு குட்டி நிரலிடம் கேள்வி வரும்: சரியில்லை, மேலே போகட்டுமா, வேண்டாமா? பூஜ்யம் என்று பதில் சொன்னால் நிற்கும், ஒன்று என்றால் போகும், சர்வர் கிடைத்துவிட்டது என்று திரை மூலையில் ஒரு பச்சை வரும். அவ்வளவுதான் விஷயம்.

அவருக்குக் கொடுத்திருந்தது பழைய கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் வட்டமான குட்டி பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்தால் அதனுடைய கடிகாரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுக்குப் போய்விடும். எண்பதாம் வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் எங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உடனே திரையில் சிவப்புக் கட்டத்தில் 'தேதி தவறு' என்று வரும். அந்த வருஷம் ஊரே தேதியைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பேப்பர்காரர்கள் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்சல் கம்பெனி மேனேஜர் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் சாஃப்ட்வேருக்கு அந்த வியாதி வந்துவிட்டதா என்று எங்கள் லீடரைப் போனில் பிடித்துக் கத்தியிருக்கிறார்.

பேட்டரியை மாற்றினால் போதும் என்று சொன்னேன். நானே ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் வாங்கிவருகிறேன் என்றும் சொன்னேன். லீடருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொன்னால் மேனேஜருக்கு ரோஷம் வருமாம். எங்கள் ஆபீஸில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாங்குகிறவர் கண்ணில் சிவப்பு படக் கூடாது. எதை வேண்டுமானாலும் செய், சிவப்பு வரக் கூடாது. மறுநாள் காலை மேனேஜர் பார்க்க வருகிறார் என்று லீடர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கீழே பெயர் வெட்டும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது, தேதித் தப்பாக இருந்தால் மட்டும் மேலே போ, வேறு எதுவாக இருந்தாலும் நில் என்று எழுதுவது. நாலு வரி கூடுதலாக ஆகியிருக்கும். அதுவரை எங்களுக்கு வந்த ஒரே தப்பு தேதித் தப்பு. அதனால் தப்பு என்று ஒன்று வந்தால் அது தேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். என்ன தப்பு என்று பார்க்காமலேயே ஒன்று என்று திருப்பி அனுப்பினேன். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன், என் பெயரின் முதலெழுத்துகளோடு. சிவப்பு போய்விட்டது. லீடர் எல்லோருக்கும் கீழே இருந்து போண்டா வரவழைத்தார்.

புது வெர்ஷனைப் போட்டுக்கொடுக்க லஸ்ஸுக்குப் போனபோது அந்த ஆபரேட்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இப்போ சூப்பரா கீது மேடம். கரண்டு போயி வந்தாக்கூட அதும்பாட்டுக்குப் போய்க்கினே கீது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நோட்டில் என் வருகையையும் மணி போட்டு எழுதிக்கொண்டார்.

அந்தத் தற்காலிகம் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். பார்சல் கம்பெனிக்கு வருஷத்திலேயே மிக நெருக்கடியான நேரம் அது. ஒரு காலையில் பத்தே காலுக்கு எல்லாக் கிளைகளின் இணைப்புகளும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. சாயங்காலம் வரைக்கும் எந்தப் பார்சல் எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கிண்டி கிடங்கில் மூட்டைகள் தெருவரைக்கும் வந்துவிட்டன என்று சொன்னார்கள். சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தால், மூடியது அந்த நோட்டுக்காரர். அவருடைய பெயர், அவருடைய பாஸ்வேர்ட். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விஷயமாக அவருக்கும் மேனேஜருக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. அன்றைக்கே அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

மறுநாள் சர்வரைப் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அவர் உள்ளே வரக் கூடாது என்பதால் வாசலில் செக்யூரிட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நோட்டை எடுத்து நீட்டினார். இணைப்புகள் மூடிய நேரத்தில் அவர் டீக்கடையில் இருந்ததாக அதில் எழுதியிருந்தது. பத்து ஐந்துக்குப் போய்ப் பத்து இருபதுக்குத் திரும்பியிருக்கிறார். நோட்டை எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்குப் போனேன். அவருக்கு உதவ வேண்டும் என்ற ஆசையில், இந்த நோட்டு எவ்வளவு நம்பகமானது என்று காட்டிவிடலாமே என்று, அந்த வாரம் முழுக்க அவர் எழுதியதையும் சர்வர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு கரண்ட் போயிருக்கிறது. நோட்டில் இப்படி இருந்தது: பதினொன்று பத்துக்குக் கரண்ட் வந்தது. பதினொன்று பதினாலுக்கு உள்ளே போனேன், பச்சை வந்தது, கிளைகள் எதுவும் தெரியவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கு மறுபடி போனேன், எல்லாம் தெரிந்தது. சர்வரின் பதிவில் பதினொன்று இருபத்தைந்து இருந்தது. பதினாலு இல்லை. இருக்கவும் முடியாது. கரண்ட் வந்த பிறகு டிஸ்க்கையெல்லாம் சரிபார்த்துவிட்டு சர்வர் எழுந்ததே பதினொன்று இருபத்திரண்டுக்குத்தான்.

அப்படியானால் பதினொன்று பதினாலுக்கு அவருக்குப் பச்சை காட்டியது எது?  சர்வர் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில், அதே ஆபீஸ் ஒயரில், யாரோ தன்னுடைய கம்ப்யூட்டருக்கு சர்வரின் முகவரியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் இவர் கடமை தவறாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பொய் சர்வர் ஏதோ ஒரு சான்றிதழைக் காட்டியிருக்கிறது. இது சரியில்லையே, மேலே போகட்டுமா என்று எங்கள் சாஃப்ட்வேர் என்னுடைய குட்டி நிரலைக் கேட்டிருக்கும். போ என்று சொல்லியிருக்கும் அது. இவருடைய பாஸ்வேர்ட் அந்த யாரோவின் கையில் போய் விழுந்திருக்கிறது.

நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஏதாவது தெரிந்ததா மேடம் என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் ஆளில்லாத நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துச் செய்துபார்த்தேன். ஒன்றைப் பொய் சர்வராக்கினேன். நானே ஒரு சான்றிதழ் தயாரித்தேன். யார் என்ற இடத்தில் 'யாரோ' என்று அடித்தேன். உத்தரவாதம் தருபவர் என்ற இடத்திலும் 'யாரோ' என்று அடித்தேன். இன்னொரு கம்ப்யூட்டரில் எங்கள் சாஃப்ட்வேரைத் திறந்து, என் பாஸ்வேர்டை அடித்தேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் பச்சை வந்தது. நான் அடித்த பாஸ்வேர்ட் எழுத்தெழுத்தாக எதிரே இருந்த திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழவில்லை.

திங்கட்கிழமை லீடரிடம் காட்டினேன். அவர் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். இதை வெளியே சொன்னால் மற்ற நாலு கம்பெனிகளும் சாஃப்ட்வேரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், பதினாறு பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். ஆபரேட்டரை வேலையை விட்டெல்லாம் எடுக்க மாட்டார்கள், வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான் என்றார். இன்றைக்கே நாலு வரியையும் எழுதி, புது வெர்ஷன் என்று சொல்லி எல்லா இடத்திலும் போட்டுவிடலாம், இனிமேல் யாருக்கும் இப்படி நடக்காது என்றார். மாட்டிக்கொண்டவருக்கு என்ன பதில் என்று கேட்டேன். அவர் என் நிரலைத் திரையில் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"அந்த வரிக்குப் பக்கத்துல உன் பேருதான் மா இருக்கு," என்றார். மிரட்டிய மாதிரி சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது என்னை அப்படி அடித்துப்போட்டது.

வீட்டில் அம்மாவிடம் பாதி சொன்னேன். அவளுக்குப் புரிந்தவரைக்கும், ஆபீஸில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் அதில் போய் விழப்பார்க்கிறேன். "ஆபீஸ்னா அப்படித்தான் இருக்கும். நீ போய் எதையாவது சொல்லிண்டு நிக்காதே" என்றாள். அந்த நேரத்தில் எனக்குக் கேட்க வேண்டியிருந்ததும் அதுதான் போலிருக்கிறது. வேறு செக்‌ஷனுக்குத்தானே மாற்றப்போகிறார்கள் என்று நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

பார்சல் கம்பெனி விசாரணைக்காக எங்களிடம் ஒரு கடிதம் கேட்டது. ஆபீஸில் இங்கிலீஷ் நன்றாக எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. லீடர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மூன்றே வாக்கியங்கள். சரியான பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் யாரும் சர்வருக்குள் நுழைய முடியாது. சர்வருக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் அதன் பதிவில் ஏறிவிடும். அந்தப் பதிவை ஆபரேட்டரால் மாற்ற முடியாது. கையெழுத்து டைரக்டருடையது. வாக்கியங்கள் என்னுடையவை.

விசாரணை அன்று லீடரும் நானும் போனோம். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் வெளியிலிருந்து வரவழைத்த ஒரு ரிட்டயர்டு அதிகாரி. இந்தப் பக்கம் ஓரத்தில் அவர். வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, நெற்றியில் விபூதியோடு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். எங்கேயாவது எழுதிவைத்திருந்தாயா என்றார்கள். இல்லை என்றார். மானிட்டரில் ஒட்டியிருந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அஜாக்கிரதை என்று ஒரு மெமோவோடு போயிருக்கும். அந்த ஆபீஸில் மற்றவர்கள் எல்லோரும் அப்படித்தானே வைத்திருந்தார்கள். ஆனால் அவர் எழுதிவைக்கவில்லை.

டீக்கடைக்குப் போனதற்குச் சாட்சியாக நோட்டைக் கொடுத்தார். அதிகாரி பொறுமையான மனிதர். அவரும் நான் செய்த அதே வேலையைச் செய்திருந்தார். நோட்டையும் சர்வர் பதிவையும் வரிக்கு வரி ஒத்துப்பார்த்திருந்தார். பதினொன்று பதினாலு என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நீ உள்ளே போனதாக எழுதியிருக்கிறாய், சர்வரில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பதிவில் ஏறாமல் ஒருத்தர் அந்த சர்வருக்குள் நுழைய முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். அது உண்மை. ஆனால் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். லீடர் மேஜைக்கு அடியில் ஒன்றும் செய்யவில்லை, காலை மிதிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. நான் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதிகாரி, தாங்க்ஸ், அவ்வளவுதான் என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த 'ஆனால்' என் வாயிலேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் அதிகாரியைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னார். "நடக்காதத நான் எழுத மாட்டேன் சார்." குரலை உயர்த்தவில்லை. ஒரு வரி பொய்யென்றால் டீக்கடை வரியும் பொய்யாக இருக்கலாமே என்று அதிகாரி கேட்டார்.  ஆபரேட்டர் நோட்டைத் திரும்ப வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய கையெழுத்துதானா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

வேறு செக்‌ஷனுக்கு மாற்றவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, போலீஸ் வரைக்கும் போக மாட்டோம் என்று சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். நாலு வரி சேர்த்த புது வெர்ஷனை நானே போய்ப் போட்டேன். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன பேட்டரியையும் அப்போதுதான் மாற்றினார்கள். யார் செய்தது என்பது எனக்கு இன்றைக்குவரை தெரியாது. தேடியவர்களும் இல்லை. ஆள்தான் கிடைத்துவிட்டாரே.

ஐந்தாறு மாதம் அங்கேயே ஓட்டினேன். வேலை ஓடவில்லை. லீடரின் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் அதைவிட அதிகமாக. அடையாறில் வேறு வேலை கிடைத்தது. பழைய ஆபீஸிலிருந்து விடுபட்டுவிட்டேன், இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான் தைரியம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டைத் தேடிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, எழுதித் தரச் சொன்னால் எழுதியும் தந்துவிடுவது, அவர் அதை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

கூவத்தை ஒட்டிய தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு போர்ஷன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். லுங்கியும் பனியனுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். மேடம், மேடம் என்று தவித்துவிட்டார். என் மேல் ஒரு துளி கோபமும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மனைவி டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார். மணி என்ன ஆச்சு என்று அவர் மனைவியைக் கேட்டார். சுவரில் கடிகாரம் அவருக்கு எதிரேயே மாட்டியிருந்தது. மனைவி பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். கையில் கடிகாரம் இல்லை.

அவர் உள்ளே தண்ணீர் எடுக்கப் போனபோது மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மச்சான் கடையில பில்லு போடக் கூப்டாங்கம்மா. போ மாட்டேன்னுட்டாரு. நான் எதுனா எழுதினா அது தப்பா பூடும்னு சொல்லிக்கினே கீறாரு. தூக்கத்துல எதுனா பேசுறனா, பாஸ்வேர்ட உளறுறனான்னு என்னாண்ட கேக்குறாரு." நோட்டுகளையெல்லாம் என்ன செய்தார் என்று கேட்டேன். டெலக்ஸ் காலத்து நோட்டு வரைக்கும் மொத்தத்தையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாராம்.

அவர் வந்து உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். பையிலிருந்து பேப்பரை எடுத்துப் படம் போட்டேன். இது உங்கள் கம்ப்யூட்டர், இது சர்வர், இது யாரோ நடுவில் வைத்தது. நான் எழுதிய வரி இது. பதினொன்று பதினாலுக்கு நீங்கள் உள்ளே போனது உண்மை, அது நடந்தது, நீங்கள் எழுதியது சரி, சர்வர்தான் அப்போது எழுந்திருக்கவே இல்லை. விசாரணைக்குப் போன கடிதத்தை எழுதியதும் நான்தான், தப்பு என்னுடையது. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.  முன்பெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கும்போது எவ்வளவு கவனமாகக் கேட்பாரோ அவ்வளவு கவனமாகக் கேட்டார். படத்தை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தெளிவதுபோல எனக்குத் தோன்றியது.

அப்புறம் பேப்பரை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முதல்முறையாக என்னை மேடம் என்று சொல்லவில்லை.

"ரொம்ப நல்ல மனசும்மா உனக்கு. எனக்கோசரம் உன் தலமேல போட்டுக்காத" என்றார். "விசாரணையில நீ குடுத்த லெட்டர அவங்க தமிழ்ல படிச்சுக் காட்டுனாங்க. நல்லா யோசிச்சுதான் எழுதியிருப்ப. நீ பொய் எழுதுற பொண்ணு இல்ல. எனக்குத்தான் மண்ட சரியில்லாம பூட்ச்சு."

இல்லை சார், இல்லை சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் தலையில் கையை வைத்து, அழாதே என்றார். அந்தக் கடிதத்தில் பொய் என்று ஒரு வரிகூடக் கிடையாது; அந்தப் பொய் சர்வரைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அவருக்கு நான் அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?